குட்டைத் தண்ணீரில் நிசான் பிறை

யாவ்னே ஊர் நீதிமன்ற முற்றத்தில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்: நீதிபதிகள் மூவர், அவர்களில் தலைவர் எலியேனாய், திராட்சைத் தோட்டக்காரர் யோஏசர், அவர் மகன் இல்க்கியா, அவர்களுடைய பக்கத்து வீட்டுத் தச்சன் பாப்போஸ், சாட்சிகளுக்குச் சமைத்துப் போடும் சப்பீரா. வேறு யாருமில்லை. அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையமாட்டார்கள். அவர்களை விட்டுவிடலாம்.

யூதர்களின் அதார் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் முந்தின மாலையோடு முடிந்திருந்தது. பிறை கண்ட இருவர் வந்து சொல்லி, நீதிபதிகள் ஏற்றால் இன்றே அடுத்த மாதமான நிசானின் முதல் நாள், இல்லையென்றால் நாளை. பஸ்கா பண்டிகை எந்த நாளில் என்பதும் அதைப் பொறுத்தது. கடற்கரை முழுக்க மேகம் மூடியிருந்ததால் வேறு ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை.

யோஏசர் வீட்டார் நாலு தலைமுறையாக நிசான் பிறைக்குச் சாட்சி சொன்னவர்கள். ஒரு முறைகூடத் தள்ளப்பட்டதில்லை. தகப்பனும் மகனும் ஒரே சோடியாக நிற்க முடியாது. ஆனாலும் இருவரும் வருவார்கள். ஒருவர் சொல் எடுபடாவிட்டால் அவருக்குப் பதில் மற்றவர் வெளியாள் ஒருவரோடு சேர்ந்துகொள்ளலாம். யோஏசர் குடும்பத்துக்கு அந்த ஏற்பாடு இதுவரை தேவைப்பட்டதில்லை.

சப்பீரா பாப்போஸின் தட்டில் மூன்றாம் முறையாகப் பருப்பை ஊற்றினாள்.

"நீ நிலாவைப் பார்க்க வந்தியா, என் அண்டாவைப் பார்க்க வந்தியா?"

"நிலா ரொம்ப இளைச்சிருந்துச்சு அக்கா. அதுக்கும் சேர்த்து நான் திங்கிறேன்."

"புறாக்காரன் சாட்சிய இங்கே எடுக்கமாட்டாங்க. தெரியுமில்ல? போன தடவையும் தின்னுட்டுத்தான் திரும்பிப் போனே."

பாப்போஸ் சிரித்தான். யோஏசர் சிரிக்கவில்லை. புறாப் பந்தயம் விடுகிறவன் சூதாடி. சூதாடியின் சொல் செல்லாது. அவன் புறாக்கள் தம் களத்துத் தானியத்தைத் தின்ற நாளிலிருந்து யோஏசர் அவனோடு பேசியதில்லை.

"மூத்தவர் முதல்ல வரட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

யோஏசர் மேலங்கியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உள்ளே போனார்.

"சூரியனுக்கு வடக்கேயா, தெற்கேயா?" என்றார் எலியேனாய்.

"வடக்கே."

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு ஆள் உயரம்."

"கொம்பு எந்தப் பக்கம் பார்த்துச்சு?"

யோஏசர் வாயைத் திறந்தார். நிசான் பிறை படகுபோல மல்லாந்து கிடக்கும், கொம்பிரண்டும் வானத்தைப் பார்க்கும். ஐந்து வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் நேற்று அவர் கண்ட பிறை கவிழ்ந்து கிடந்தது. கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றபோது, குட்டையின் தூரத்து ஓரத்தில் அது மிதந்தது. நிமிர்வதற்குள் மேகம் மூடிவிட்டது. மேல்வரப்பில் நின்ற இல்க்கியாதான் வானத்தில் கண்டு கத்தினான். தண்ணீரில் கண்டது சாட்சியாகாது. வழி நெடுக, பிறை பிறைதானே என்று யோஏசர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

'மேலே' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொருளும் சரியாகவே இருக்கும்.

"கீழ்ப்பக்கம்" என்றார் யோஏசர். "நான் பார்த்தது குட்டைத் தண்ணியில. என்னை விட்டுடுங்க. என் மகன் வானத்துல பார்த்தான்."

எலியேனாய் வாசல் பக்கம் பார்த்தார்.

"அப்ப உங்க மகனோட யாரைச் சேர்க்கறது? வெளியே இருக்கறவன் புறாக்காரன்."

"இப்ப இல்ல" என்றார் யோஏசர். இதைச் சொல்வது முதலில் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. "எட்டு மாசம் முன்னாடி புறாப் பந்தயப் பலகையெல்லாம் கோடாலியால உடைச்சு அடுப்புல வச்சான். புறாவை எல்லாம் மலைப்பக்கம் விட்டுட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். ரெண்டு தடவை நீங்க அவனைத் திருப்பி அனுப்பினீங்க. தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல."

இல்க்கியாவையும் பாப்போஸையும் தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொல்லும் ஒத்துப்போயிற்று. உச்சிப் பொழுதுக்கு முன்பே எலியேனாய் முற்றத்துக்கு வந்து, "புனிதமாயிற்று!" என்று புது மாதத்தை அறிவித்தார். "புனிதமாயிற்று, புனிதமாயிற்று!" என்றார்கள் எல்லாரும். யோஏசரின் குரல்தான் உரக்கக் கேட்டது.

பாப்போஸ் அருகில் வந்தான்.

"பெரியவரே, அன்னைக்குப் பார்த்துக்கிட்டேவா இருந்தீங்க?"

"என் சுவர். அதுமேல கை வச்சு நான் எதை வேணாலும் பார்ப்பேன்."

கழுதையை அவிழ்க்கும்போது இல்க்கியா மெல்லக் கேட்டான்: "அப்பா, ஊருக்குப் போனா என்ன சொல்றது?"

"நம்ம வீட்டுலருந்து சாட்சி போச்சான்னு கேட்பாங்க. போச்சுன்னு சொல்லு. யாருன்னு கேட்டா, நான்தான்னு உன்னையே சொல்லு."

யோஏசர் புளுகியதை நீதிபதிகள் கண்டுபிடித்து வெளியே தள்ளினார்கள் என்று லோத் ஊர்ச் சந்தையில் ஒரு பேச்சு இருக்கிறது. நீதிபதிகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவரே சொன்னார்.