டோக்கன் அக்கா செய்த உதவி

அந்த ஸ்கேன் சென்டரில் எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா. காலை எட்டு மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சட்டமும் அவள்தான், சலுகையும் அவள்தான். தெரிந்தவர்கள் யாராவது வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. வரிசையைத் தாண்ட வைத்து உள்ளே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

அன்று வந்தவள் தம்பி மனைவி, தையல்காரி. ஒன்பது வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. நாலு மாதம் முடிந்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் குழந்தைக்குக் குறை இருக்குமோ என்று சந்தேகம் வந்ததால், வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குடத் தண்ணீரை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்கு முன் ஆலோசனை அறையில் அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"உள்ள என்ன சொல்வாங்க அண்ணி?"

"என்னத்த சொல்வாங்க, வளவளன்னு பேசுவாங்க. நான் இருக்கும்போது நீ ஏன் காத்துக் கெடக்கணும்? இதுல கையெழுத்து போடு."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தைக்கிறவ ஊசிக்குப் பயப்படலாமா?"

இருவரும் சிரித்தார்கள். தையல்காரி கையெழுத்துப் போட்டாள். 'ஆலோசனை முடிந்தது' என்ற கட்டத்தில் டோக்கன் அக்காவே டிக் அடித்தாள். அதைப் பார்த்த டாக்டரும் வேறொன்றும் கேட்காமல் ஊசி செலுத்தித் தண்ணீரை எடுத்தார்.

ஐந்தாம் நாள், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பனிக்குடத் தண்ணீர் கசிந்தது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவம், வாய்விட்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"சில நூறு பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகலாம்மா. ஆலோசனையிலயே சொல்லியிருப்பாங்களே," என்றார் டாக்டர்.

தையல்காரி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சுவரைப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. டோக்கன் அக்கா அதை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

தையல்காரி இரண்டு முறை படித்தாள்.

"தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. தெரிஞ்சும் சரின்னு சொல்லியிருக்கலாம். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியவ நான்தானே அண்ணி? என்னை யோசிக்கவே விடலையே நீங்க."

திட்டியிருந்தால்கூட டோக்கன் அக்கா தாங்கியிருப்பாள். அன்று சிரித்த சிரிப்புதான் அவளை விடாமல் அறுத்தது. மறுநாளே மேனேஜரிடம் போய், டிக் அடித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

அடுத்த மாதம் மேனேஜரின் மச்சினியே வந்து நின்றாள். "நமக்கென்ன வரிசை? நேரா ஊசிக்கு அனுப்புங்கக்கா."

"ஊசி வேணாம்னு நான் சொல்லலம்மா, தேவைப்பட்டா போட்டுக்கத்தான் வேணும். ஆனா என்ன ஆகலாம்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம யாரும் வயித்தக் காட்டக்கூடாது. கேக்க விடாம அனுப்புறவ உதவி பண்ணல, பாவம் பண்றா. நான் பண்ணிட்டேன். போய் உக்காருங்க, உங்களுக்கு முன்னால ரெண்டே பேர்தான்."