சிவப்பு முள் நின்ற இடம்

ஆம்பூர் டேனரியில் கோதண்டராமனுக்குக் கண்தான் சோறு போட்டது. வடக்கு ஜன்னல் ஓரம் நின்று தோல்களை நிறவாரியாகப் பிரிப்பது அவர் வேலை. மற்றவர்களுக்கு ஒரே கறுப்பாகத் தெரிவதில் அவருக்கு நாலு கறுப்பு தெரியும். அந்தக் கண்ணை வெள்ளிக்கிழமை லீவிலாவது சும்மா விட்டாரா? பழைய ரெட்டை பட்டன் வாட்சுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போனவர் மாதிரி ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேல் பட்டனை அழுத்தினால் நீளமான சிவப்பு முள் ஓடும். மறுபடி அழுத்தினால் அங்கேயே நிற்கும். கீழ் பட்டனை அழுத்தினால் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பிடிக்கிற வாட்ச். ஒரே மாடல் என்பார்கள், ஆனால் ஒன்றில் நிமிஷம் எண்ணுகிற குட்டி வட்டம் முப்பதோடு முடியும், இன்னொன்றில் நாற்பத்தைந்து வரை போகும். ஒன்றில் எண்கள் தடிமன், இன்னொன்றில் ஒல்லி. இந்தப் பைத்தியத்துக்கு ஒரே கூட்டாளி ஃபினிஷிங் செக்‌ஷன் நயீம் அகமது.

எண்பத்து மூன்றில் இருவருக்கும் ஒரு வழக்கு. ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் சவுரியம்மாள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், இறந்துபோன கணவர் மரியசூசையின் வாட்ச் இருந்தது. கோதண்டராமனிடம் இருந்த அதே மாடல். ஆனால் இவருடைய வாட்ச் முகம் கறுப்பு, அது காப்பிப்பொடி நிறம்.

"கம்பெனியே அந்தக் கலர்ல வுட்டிருப்பான் தோஸ்த்" என்றார் நயீம்.

"இல்ல நயீம். கறுப்புதான், வெயில்ல வெளுத்துப் போச்சு."

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோதண்டராமன் போய்க் கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. சாயங்காலம் குடுத்துடுங்க. சாவி மட்டும் குடுத்துடாதீங்க" என்று கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார் சவுரியம்மாள்.

சத்தியமாக அவர் சாவி கொடுக்கவில்லை. ஆனால் தொட்டில் பழக்கம் விடுமா? எந்த வாட்ச் கைக்கு வந்தாலும் அவர் கட்டைவிரல் நேரே கீழ் பட்டனுக்குத்தான் போகும். முள் சரியாகப் பன்னிரண்டில் வந்து நிற்கிறதா என்பதுதான் முதல் சோதனை. அழுத்தினார். டக்கென்று வந்து நின்றது. "இன்னா மிஷினு!" என்று நயீம் மெச்சிக்கொண்டார். அன்று ஒரே மேகமூட்டம். டியூப்லைட்டில் நிறம் பார்ப்பது பாவம் என்று, எண்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

சாயங்காலம் சவுரியம்மாள் கைக்குட்டையைப் பிரித்தார். முகம் செத்துப்போயிற்று.

"செவப்பு முள்ளு இந்த எடத்துல நிக்கலியேண்ணே?"

அவர்களுக்குக் கல்யாணமான வருஷம் சர்ச் திருவிழாவில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். மைதானத்தை இரண்டு சுற்று. சவுரியம்மாள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடி முதலில் வந்தார். இந்த வாட்சில் நேரம் பிடித்தவர் மரியசூசை. "இதுக்கு மேல அளக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றவர், அதற்குப் பிறகு அந்த பட்டன்களைத் தொட்டதே இல்லை. சாகிற வரைக்கும் அப்படியேதான் கட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நிமிஷம்னு நான் எண்ணி வெக்கல. அவரு வெரலு நிறுத்துன எடம் அது, அவ்ளோதான்."

கண்ணால் பிழைக்கிறவன், முள் எங்கே நின்றது என்று பார்க்கவில்லையே! கோதண்டராமன் வாட்சை வாங்கிக்கொண்டு வடக்குப் பார்த்த பின்வாசலுக்கு ஓடினார். மூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. தோலைச் சாய்த்துப் பார்ப்பதுபோல மெல்லச் சாய்த்தார்.

காப்பி நிறத்தில் மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு. குட்டி வட்டத்திலும் ஒன்று. முள் மறைத்திருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே பழைய கறுப்பு அப்படியே இருந்தது.

"சவுரிம்மா, இங்க வாங்க. இந்தக் கோட்டப் பாருங்க. அவரு நிறுத்துன எடம் இதுதான்."

சவுரியம்மாளுக்குச் சட்டென்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். தெரிந்ததும் கண்ணாடி மேல் விரலை வைத்து அழுதுவிட்டார்.

"முள்ள அங்கயே கொண்டாந்து நிறுத்தித் தர்றேம்மா."

"வேணாண்ணே. நிறுத்துனா கோடு மறைஞ்சிடும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவி குடுங்க. முள்ளு எங்க நகந்துடுமோன்னு பயந்து, வாட்சையே ஓடவுடாம வெச்சிட்டேன்."

கோதண்டராமன் சாவி கொடுத்தார். சவுரியம்மாள் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கையில் கட்டிக்கொண்டார். வார் தொளதொளவென்று முழங்கை வரை ஏறியது.

"அண்ணே, வார்ல இன்னொரு ஓட்ட போட்டுக் குடுங்க" என்றார்.