பதினேழாம் எண் புத்தகம்

இருபத்திரண்டு வருடங்களில் என் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்கூடக் காணாமல் போனதில்லை. பெருமையடிக்கிறாளே என்று தோன்றினால் தோன்றட்டும், பெருமைதான். ஆனால் இல்லாத ஒரு புத்தகத்தை இருபத்து மூன்று பேருக்குப் படிக்கக் கொடுத்த பெருமையும் எனக்குத்தான் என்பதால், அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி. கேப்டன்கள் ஆறு மாதம் படித்துத் தேறினால்தான் மேஜர் ஆக முடியும். போர்முறையும் கிளர்ச்சி ஒடுக்குதலும் கர்னலின் பாடம். வகுப்பு தொடங்கும்போதே 'பரிந்துரைக்கப்படும் நூல்கள்' என்று முப்பது புத்தகங்களின் பட்டியல் அவர் கையெழுத்தோடு வெளியாகும். அதில் அவர் சொல்லும் மூன்றுக்கு ஒவ்வொருவரும் மதிப்புரை எழுத வேண்டும். ஒன்றில் முட்டை வாங்கினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு படைப்பிரிவுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

புத்தகம் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. ஆட்களோ இருபத்து நான்கு பேர். அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் படிப்பார், சாப்பாட்டு மேஜையில் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். புத்தகம் எங்கே என்றால், "யார்கிட்டயோ இருக்கு" என்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பேன்.

இந்த முறை பதினேழாம் எண்ணில் 'மலைப்பாதையும் மக்கள் மனமும்' இருந்தது. கர்னல் அதையும் மதிப்புரைக்குச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு 'ஒட்டகம்' என்ற கேப்டன் மூன்று தடவை வந்தார். பெயர் வைத்தது நானல்ல, அவருடைய கூட்டாளிகள். நிலைவாசலில் குனிந்துதான் உள்ளே வருவார், அவ்வளவு உயரம்.

"மேடம், அந்தப் பதினேழு..."

"வெளியே போயிருக்கு. அடுத்த வாரம் வாங்க."

பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னேன். வகுப்பே அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, பிறகு எதற்குப் பார்ப்பது? மூன்றாவது தடவை, "தேடி வாங்கிப் படிக்கத் தெரியணும் தம்பி" என்று எரிந்தும் விழுந்தேன்.

மதிப்பெண் வந்தது. இருபத்து மூன்று பேர் தேறிவிட்டார்கள். ஒட்டகத்தின் தாளில் ஒரே ஒரு வரி: 'இந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. படிக்கவில்லை.' முட்டை.

மறுநாள் காலையில், தான் எடுத்திருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "வர்றேன் மேடம். சாயங்காலம் கிளம்பறேன்" என்றார். முகத்தில் கோபமே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் போனதும் பதிவேட்டைப் பிரித்தேன். எவன் இத்தனை நாள் அதை அமுக்கி வைத்திருக்கிறான் என்று பார்த்து நாலு கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படி ஒரு புத்தகம் வெளியே போகவே இல்லை. உள்ளே வந்ததற்கும் பதிவு இல்லை.

நூலகத்தில் இரண்டு தட்டுகள் வைத்திருப்பேன். ஒன்றில், கைவசம் உள்ள புத்தகங்களின் விவர அட்டைகள், மற்றதில் கேட்டு எழுதி இன்னும் வராத புத்தகங்களின் அட்டைகள். இரண்டாவது தட்டின் அடியில் பதிப்பாளரின் கடிதம் கிடந்தது: 'தாங்கள் கேட்ட நூலை ஆசிரியர் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

பட்டியலைத் தட்டச்சு செய்தவர் மாடி அலுவலகக் குமாஸ்தா. எனக்கு வீட்டுக்காரர். மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"ஏங்க, பட்டியல் அடிச்ச அன்னிக்கு எத்தனை தட்டு எடுத்துட்டுப் போனீங்க?"

"ரெண்டு. ஒண்ணுல இருபத்தொம்பதுதான் இருந்துச்சு. முப்பது வேணும்ல? அதான் இன்னொண்ணுல இருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

"தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு."

"யார் தலையில?" என்று சற்று நகர்ந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "பேசாம விட்டுடு. நமக்கு மட்டுந்தானே தெரியும்?"

"அந்தப் பிள்ளை பெட்டி கட்டிட்டு இருக்கான்."

"கர்னல் உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

"ஆக்கட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். கர்னலிடம் போகும் முன், வீட்டுக்காரர் மேஜையில் இருந்த மற்ற மதிப்புரைகளைப் புரட்டினேன். ஒருவருக்கு முடிவுரை கண்ணீரை வரவழைத்திருந்தது. இன்னொருவர், 'வரைபடங்கள் இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம்' என்று குறைப்பட்டிருந்தார். அத்தனை பயத்திலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கர்னலிடம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"பதினேழா? அருமையான புத்தகம்மா. சின்ன வயசுல ரெண்டு தடவை படிச்சிருக்கேன்."

கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். காது நுனி சிவந்துவிட்டது.

"தப்பு என்னோடது சார். அவர் மூணு தடவை வந்து கேட்டார். நான் பார்க்காமலே வெளியே போயிருக்குன்னு சொல்லிட்டேன்."

என்னைத் திட்டவில்லை. "வகுப்புக்கு நீங்களும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

ஒட்டகத்தையும் கூப்பிட்டுவரச் சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். பிறகு கேட்டார். "பதினேழாம் நம்பர் புத்தகத்தைப் படிச்சவங்க எழுந்து நில்லுங்க."

இருபத்து மூன்று நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. சிலர் நெஞ்சை வேறு நிமிர்த்தினார்கள்.

"அந்தப் புத்தகத்தை இன்னும் யாரும் எழுதல."

நிமிர்ந்த நெஞ்சுகள் மெல்ல இறங்கின. ஒருவர் உட்காரப் பார்த்தார்.

"உட்காராதீங்க." கர்னல் மேடையிலிருந்து இறங்கி வந்து முதல் வரிசையில் அவர்களோடு நின்றார். "போன வாரம் அதோட ஏழாவது அத்தியாயத்தைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினவன் நான். நானும் நிக்கறேன்."

நான் ஏற்கெனவே கதவோரம் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"கேப்டன், மேடைக்கு வாங்க. படிக்கலைன்னு எழுத உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

ஒட்டகம் மேடையேறி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "மலை முகாம்ல இருந்தப்போ ஒரு பாலத்தைப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க சார். மழை. நான் போகல. பாலம் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டேன். மறுநாள் அதை நம்பி லாரி போச்சு. பாலமே இல்ல, லாரி ஆத்துல இறங்கிடுச்சு. லாரியில பதினோரு பேர், அதுல மூணு பேருக்கு நீச்சல் தெரியாது." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எல்லாரையும் இழுத்துக் கரை சேர்த்துட்டோம் சார். அதுக்கப்புறம் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதக் கை வரல."

நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கர்னல் ஒட்டகத்தின் விடைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "இருபதுக்கு எவ்வளவு போடட்டும்?"

"எப்படி சார் போடுவீங்க? நான்தான் படிக்கவே இல்லையே."

கர்னல் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தாளில் இருபது என்று போட்டுக் கீழே கையெழுத்திட்டார். மற்ற இருபத்து மூன்று தாள்களையும் ஒரே கட்டாகத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"இவங்க எல்லாரும் ஒரு வாரத்துல வேற புத்தகம் படிச்சு எழுதுவாங்க, என்னையும் சேர்த்து. இருக்கற புத்தகமாப் பார்த்துக் கொடுங்கம்மா." பிறகு மேடைப் பக்கம் திரும்பினார். "நீங்க போய்ப் பெட்டியைப் பிரிங்க, கேப்டன்."

ஒட்டகம் கதவைத் தாண்டும்போது என்னிடம் நின்றார். மன்னிப்புக் கேட்க நினைத்து வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை நீட்டினார்.