முத்துலிங்கத்தின் இடது கை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் முத்துலிங்கத்துக்கு இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. எவ்வளவு என்றால், அவர் நோர்வூட் பஸ்ஸில் ஏறினால் பின்னாலேயே எறும்புகளும் வரிசையாக ஏறின. கண்டக்டர் நல்ல மனுசன், எறும்புகளிடம் டிக்கெட் கேட்கவில்லை.

எறும்பு கிடக்கட்டும், பிரச்சினை கண்ணில். இரண்டிலும் புரை. என்னைத் தன் மனைவி பேச்சியம்மா என்று நினைத்து, ரொட்டி கருகிப்போச்சு என்று இரண்டு தடவை ஏசியிருக்கிறார். வலது கண் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்தாயிற்று. மூன்று வாரத்தில் சீனி இறங்காவிட்டால் இனி அடுத்த வருடம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருந்தவர் கிருஷாந்தி. கொழும்பில் பிறந்து படித்தவர். எங்களுக்குச் 'சாப்பாட்டு மிஸ்'. மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக் கொண்டுவரச் சொன்னார். முத்துலிங்கம் சொன்னார், நான் எழுதினேன். ரொட்டி, பருப்பு, கீரை. தேநீர் ஏழு வேளை, சீனி போடாமல். ஒரு எழுத்தும் பொய்யில்லை.

விரலில் குத்திப் பார்த்தால் முந்நூறு. மிஸ் மெஷினைத் தட்டினார். வேறு மெஷினில் பார்த்தார். சந்தேகம் தீராமல் தன் விரலையே குத்திப் பார்த்தார். அவருக்குத் தொண்ணூறு.

"ஐயா, ஒளிச்சு எதும் சாப்பிடுறீங்களா?"

"மாரியம்மா மேல சத்தியமா இல்லீங்க மிஸ்."

மிஸ் கொஞ்ச நேரம் எறும்புகளையே பார்த்தார். எல்லாம் இடது கைக்கே போயின. வலது கையை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். பேச்சியம்மா தேநீர் கொடுத்தார். மிஸ் ஒரு மிடறு குடித்தார். நிஜமாகவே சீனி இல்லை. முகம் தொங்கிப்போனது. அப்போது பேச்சியம்மா சீனிப் போத்தலோடு வந்து, தோட்டத்து வழக்கப்படி எங்கள் இருவரின் இடது உள்ளங்கைகளிலும் ஆளுக்கு ஒரு கரண்டி கொட்டினார். முத்துலிங்கம் ஒரு நக்கு நக்கினார், ஒரு மிடறு குடித்தார். நானும் அப்படியே.

"ஐயா! சீனி போடலன்னு எழுதியிருந்தீங்களே!"

"தேத்தண்ணில போடலையே மிஸ். கையப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

மிஸ் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு பேச்சியம்மாவை வாசலுக்குக் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று ஏதோ சொன்னார்.

மூன்றாம் வாரம் சீனி இறங்கியிருந்தது. ஒப்பரேசனும் நடந்தது.

கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று தேநீர் வந்தது, கையில் சீனியும் விழுந்தது. நக்கப்போன முத்துலிங்கம் நின்றுவிட்டார். கையை வெளிச்சத்தில் நீட்டி எண்ணினார்.

"ஏய், இந்தா! அஞ்சே அஞ்சு பருக்கைதான் கெடக்கு!"

"நாளுக்கு நாள் கொறைச்சுக்கிட்டு வந்தேன். ஒரு கெழமையா இந்த அஞ்சத்தான் நக்குறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக்கூட இனிப்புத் தூக்கல்னு சொன்னீங்களே?"

முத்துலிங்கம் ஒப்பரேசன் செய்த வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு, புரை விழுந்த இடது கண்ணால் உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு நக்கு, ஒரு மிடறு.

"ம். இப்ப சரியா இருக்கு" என்றார்.