நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு பழமலை

என் கணவர் பழமலை நான்கு வருடங்களாக ஒரு கணினி விளையாட்டுக்குள் பாலம் காக்கும் வேலை பார்க்கிறார். விருத்தாசலத்தில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஆறு பேர் இப்படி உள்ளே போயிருக்கிறார்கள். எதிர்வீட்டுத் தெய்வானையின் தம்பி வேறொரு விளையாட்டில் குதிரையாக இருக்கிறான். அவனுக்கு ஓடுகிற வேலை, என் கணவருக்கு நிற்கிற வேலை. அவருக்கு முழங்கால் வலி உண்டு. உட்கார ஒரு முக்காலியாவது கொடுப்பார்களா என்று போகும்போதே கேட்டேன். பாலம் காப்பவர்கள் உட்காருவதில்லை என்றார்கள்.

ஆள் உள்ளே போன வீட்டில் இரண்டு கணினிகள் வைக்க வேண்டும். முதல் கணினியில் அவர் இருக்கிறார். இரண்டாவது கணினி அவரை வெளியே காட்டுகிறது. இரண்டு வேலையையும் ஒன்றின் தலையில் கட்டினால் சூடேறி அவருக்கு வியர்க்கும். இரண்டுக்கும் நடுவில் சோப்பு டப்பா அளவில் படம் பிடிக்கும் பெட்டி ஒன்று உண்டு. முதல் கணினியிலிருந்து அவர் ஒரு கம்பி வழியாக அந்தப் பெட்டிக்கு வருவார். அங்கிருந்து இன்னொரு கம்பி வழியாக இரண்டாவது கணினிக்குப் போவார். பிறகு உலகத்துக்குப் போவார். அந்தப் பாலத்தை யார் யார் கடக்கிறார்கள் என்று பார்க்க எங்கெங்கோ ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்திருப்பேன். பாலத்தைக் கடப்பவர்களை நான் பார்ப்பதில்லை.

முதல் கணினியின் திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் நேருக்கு நேர் பார்த்தால் உள்ளே இருப்பவர் வேலையை விட்டு நகர்ந்துவிடுவார் என்பதால் இந்த விதி. நான்கு வருடத்தில் நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதன் முதுகைத் துடைப்பேன். மதிய வெயிலில் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பேன். அவ்வளவுதான்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாளிலிருந்து படம் வெட்டி வெட்டி வந்தது. அவர் இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். அடுத்த பார்வையில் வலது காலில் நிற்பார். எப்போது மாற்றினார் என்பது வராது. கொட்டாவி விட வாயைத் திறப்பார், மூடியிருக்கும். அவருடைய கொட்டாவி நீளமானது. கடைசியில் ஒரு சிறிய முனகலும் தலையாட்டலும் இருக்கும். அது இல்லாமல் எனக்குச் சாயங்காலம் ஆனதாகவே தோன்றவில்லை.

அதை அடுத்து வந்த திங்கட்கிழமை, அவரை வேலைக்கு எடுத்த அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. அதில் மூன்று கட்டங்கள். பணியைத் தொடர்வார் என்பது முதல் கட்டம். வீடு திரும்புவார் என்பது இரண்டாவது. மனைவியும் உள்ளே சேர்வார் என்பது மூன்றாவது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் டிக் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவரை இன்னொரு விளையாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அது எந்த விளையாட்டு என்று வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள்.

உள்ளே இருப்பவர்களால் எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. அதனால் படிவம் வரும் வாரம் மட்டும், நாலரை மணிக்கு ஆள் மாறும்போது, அவர்கள் நம் பக்கம் திரும்பிக் கையால் சொல்வது வழக்கம். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் வரவேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்று பொருள். நெஞ்சைத் தொட்டுக் கையை நீட்டினால் நான் வருகிறேன். கையைக் கவிழ்த்து விரல்களை மடக்கினால் நீ வா.

திங்கட்கிழமை நாலரைக்கு அவர் திரும்பினார். கை தொடையருகே இருந்தது. பிறகு காற்றில் இருந்தது. பிறகு தொடையருகே இருந்தது.

நான் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"கையத் தூக்கினாரு சார். அப்புறம் கை கீழ இருக்கு. நடுவுல என்ன பண்ணாருன்னு தெரியல."

"நடுவுலதாம்மா விஷயமே இருக்கு."

"அது தெரியுது சார். படம் வெட்டுது."

"அப்ப ஆளு வெச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமைய எங்களால நகர்த்த முடியாது."

ஆலடி ரோட்டில் கணினி பழுது பார்க்கும் சபுரா செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். அவள் ஸ்க்ரூ டிரைவரை மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பாள். மூக்குக் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருப்பாள்.

"ஆளே வெட்டி வெட்டி ஓடுறாரா, இல்ல வர்ற வழியில வெட்டுதான்னு மொதல்ல பாக்கணும். நீங்க அடுப்பங்கரைக்குப் போங்கக்கா."

அவள் சொந்தக்காரி இல்லை என்பதால் முதல் திரையைப் பார்க்கலாம். நான் அடுப்பங்கரையில் நின்று புளியைக் கரைத்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

"எப்படி இருக்காரு?" என்றேன்.

"வழவழன்னு இருக்காரு. ஒரு வெட்டு இல்ல."

"எளச்சிருக்காரா?"

"படம் ஓடுறதத்தான் பாத்தேன்க்கா. ஆளப் பாக்கல."

"முடி?"

"இரும்புத் தொப்பி போட்டிருக்காரு."

"அது எனக்கும் தெரியும். காதோரம் தெரியும்ல."

அவள் மறுபடியும் குனிந்து பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "நரைச்சிருக்கு" என்றாள். இரண்டாவது திரையில் அது வெயில் பட்ட பளபளப்பு மாதிரிதான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. புளியை மறுபடி ஒருமுறை கரைத்தேன்.

குறை அவரிடம் இல்லை, வழியில்தான் என்று ஆனது. சபுரா கம்பிகளைப் பின்தொடர்ந்து தரையில் தவழ்ந்தாள். இரண்டாவது கணினியின் முதுகுக்குப் போனதும் நின்றாள்.

"இது என்னக்கா?"

"சந்தனம்."

பூஜைக்கு எல்லாக் கம்பியையும் பிடுங்கி, இரண்டு கணினியையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். முன்னால் மட்டும் வைத்தால் பின்பக்கத்துக்கு மனக்குறை வரும் என்று ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். படப்பெட்டியின் கம்பி வழக்கமாகப் போகும் துளைக்குள் நீல நாக்கு ஒன்று இருக்கும். அதில் சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டது. அதனால் கம்பியைப் பக்கத்திலிருந்த கருப்பு நாக்குத் துளையில் செருகினேன்.

"எல்லாம் ஓட்டைதானேன்னு நெனச்சேன்."

"நீலம் அகல வாசல்க்கா. கருப்பு சந்து மாதிரி. நாலு நாளா மனுசன் ஒருக்களிச்சு ஒருக்களிச்சு வந்திருக்காரு."

அவள் ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டி ஊதினாள்.

"நல்லவேளை, எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கல."

"அத வாசல்ல நசுக்கினேன்."

கம்பியை நீலத்தில் செருகினாள். அன்று நாலரைக்கு அவர் திரும்பியபோது கை எழும்பியது தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. உள்ளங்கை ஒருமுறை தெரிந்தது. ஆனால் இன்னும் எங்கோ ஒரு சின்னத் திக்கல் இருந்தது. பேசும்போது ஒரே எழுத்தில் நிற்பவர்களைப் போல, கை ஒரே இடத்தில் நின்று நின்று போயிற்று. ஆட்டினாரா, மடக்கினாரா, என்னால் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்க என் கையை எனக்கு நானே ஆட்டியும் மடக்கியும் பார்த்தேன். இரண்டும் பாதி வழி வரை ஒன்றாகத்தான் இருக்கின்றன.

புதன்கிழமை சபுரா வேறு விதமாகக் கேட்டாள்.

"பூஜைக்கு ஏதாச்சும் புதுசா வாங்குனீங்களா?"

வாங்கியிருந்தேன். உள்ளே இருப்பவருக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்து அனுப்ப வழியில்லை. மூன்று தீபாவளி அப்படியே போய்விட்டது. இந்தத் தடவை வேட்டிக்குப் பதில் முதல் கணினிக்குப் புதுத் திரை வாங்கிப் பூஜையன்றே மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினேன். கடைக்காரர் பழைய திரை அறுபது என்றும் இது நூற்று நாற்பத்து நான்கு என்றும் சொன்னார். எண் பெரிதாக இருந்தது. அவருக்கு நல்லது என்று நினைத்தேன்.

"அங்கதான் மாட்டிக்கிச்சு" என்றாள் சபுரா. "முன்னாடி ஒரு நொடிக்கு அறுபது பழமலை இருந்தாரு. படப்பெட்டியும் அறுபது பேரத்தான் வாங்கும். கணக்கு சரியா இருந்துச்சு. இப்ப நொடிக்கு நூத்தி நாப்பத்து நாலு பழமலை இருக்காரு. பெட்டி அதே அறுபதுதான் வாங்குது. சில எடத்துல ரெண்டுக்கு ஒருத்தர எடுக்குது, சில எடத்துல மூணுக்கு ஒருத்தர எடுக்குது. அதான் திக்குது."

"மறுபடி அறுபதாக்கிடு."

"வளந்த ஆள ஒரேயடியா அவ்வளவு எறக்கக் கூடாதுக்கா. நூத்தி இருபது வெப்போம். எப்பவும் ரெண்டுக்கு ஒருத்தரு. சீரா வரும்."

"மிச்சம் இருபத்து நாலு?"

"அது வீட்டுலதான் விழும்."

என்னை அடுப்பங்கரைக்கு அனுப்பிவிட்டு எண்ணை மாற்றினாள்.

நாலரை மணிக்கு அவர் திரும்பினார். எங்கும் வெட்டவில்லை. முதலில் கொட்டாவி விட்டார். வாய் திறந்தது, திறந்துகொண்டே போயிற்று, மெதுவாக மூடியது, தலையாட்டல் வந்தது. முழங்காலை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, வேண்டாம் என்று ஆட்டினார். அந்தக் கையை இறக்காமலே நெஞ்சைத் தொட்டு என் பக்கம் நீட்டினார். நீட்டிய கையைக் கவிழ்த்து நான்கு விரல்களையும் மடக்கினார். வா, வா என்று இரண்டு தடவை. அடுத்த காவல்காரர் வந்து நின்றதும் போய்விட்டார்.

நான் படிவத்தையும் பேனாவையும் மடியில் வைத்திருந்தேன்.

"எதுலக்கா டிக்கு?" என்றாள் சபுரா.

"மூணையும் சொன்னாரு."

"ஆம்பளைங்களுக்கு ஒண்ண நேரா சொல்ல வராது."

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கூட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. முதல் கணினிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலிருந்து அவர் தலையில் ஒட்டடையுடன் எழுந்தார். சபுரா முன்பே சொல்லியிருந்ததால் கைலியை மடித்து நாற்காலியில் தயாராக வைத்திருந்தேன். நொடிக்கு இருபத்து நாலு பேர் என்பதால் அவர் நடை கொஞ்சம் படபடத்தது. தியேட்டரில் ஓடும் பழைய படம் போல இருந்தார். நரை காதோரம் மட்டும் இல்லை, பின்னந்தலை முழுக்க இருந்தது.

"வாங்க" என்றேன்.

"ம்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு, நாற்காலியை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்.

செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சலை, நீ ஏன் இப்படி விட்டு விட்டு நிக்கிற?"

"நான் எப்பவும் போலத்தான் நிக்கிறேன்."

"இல்ல. செம்பு அங்க இருக்கு, இங்க இருக்கு. நடுவுல காணோம். உன் மூஞ்சி எனக்கு முழுசா வரல."

நான் சபுராவுக்குப் போன் செய்தேன். அவள் வந்து, ட்யூப் லைட்டுக்கு அடியில் நின்று கையை வேகமாக ஆட்டச் சொன்னாள். கண்ணைச் சுருக்கி எண்ணினாள்.

"எண்பத்து நாலு. வயசுக்கு நல்லாத்தான் ஓடுறீங்க."

"என்ன கோளாறு?"

"இருபத்து நாலு எண்பத்து நாலுல மூணு தடவ போகும். மீதி பன்னெண்டு. அந்தப் பன்னெண்டுலதான் அவருக்கு நீங்க வெட்டுறீங்க. உங்களையும் இருபத்து நாலாக்கிட்டா நேருக்கு நேர் ஒக்கும்."

"மிச்சம் அறுபது?"

அவள் முதல் கணினியைப் பார்த்தாள். "அங்க அவரு நூத்தி இருபது இருக்காரு. அறுபது அதுல ரெண்டு தடவ போகும். மீதியே இல்ல."

என் காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினாள். எனக்குத் தும்மல் வருவது போல இருந்து வராமல் போயிற்று. என்னுடைய அறுபது எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒயர் கூடையை எடுத்தது. அதில் முழங்கால் தைலத்தையும், ஒரு மடக்கு முக்காலியையும், என் பச்சைப் புடவை இரண்டையும் வைத்தது. அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு முதல் கணினிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் நுழைந்தது. உள்ளே போவது பார்ப்பதாகாது. அதனால் விதிக்குக் குறைவில்லை.

வீட்டில் இருந்த நாங்கள் இருவரும் இரண்டாவது கணினி முன் உட்கார்ந்தோம். நாலரைக்குப் பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பச்சைப் புடவையில் ஒரு பெண் கூடையுடன் நடந்து வந்தாள். ஒரு வெட்டும் இல்லை. காவலில் நின்ற பழமலை ஈட்டியைக் கீழே சாய்த்து வைத்தார். அவள் முக்காலியை விரித்து அவரை உட்கார வைத்து, தரையில் அமர்ந்து அவர் முழங்காலில் தைலம் தேய்த்தாள்.

என் கணவர் திரையை நெருங்கிப் போனார்.

"அவ நல்லா இருக்கா" என்றார்.

"அவரும்தான்" என்றேன்.



வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மூணுலயும் டிக் போட்டிருக்கீங்க."

"மூணும் சரிதான் சார்."

அவர் மூன்று முத்திரை குத்தினார்.

இப்போது நானும் அவரும் ஒரே கணத்தில் இருக்கிறோம், ஒரே கணத்தில் இல்லாமல் போகிறோம். நொடிக்கு இருபத்து நாலு தடவைதான் நாங்கள் வீட்டில் இருப்பதால், அந்த இடைவெளிகளில் வீடு காலியாகக் கிடக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். நெய்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அதில் குடிவைத்திருக்கிறார். நல்லமாதிரியானவர்கள். அவர்களுடைய குக்கர் சத்தம் துணுக்குத் துணுக்காகக் கேட்கும். அந்தப் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அவளும் வாசலில் யாருக்காகவோ நெடுநேரம் நிற்கிறாள் போலிருக்கிறது. நான் வாசற்படியில் கால் வைக்கும்போதெல்லாம் கல் சூடாக இருக்கிறது.