ஊசிபோல் ஒரு கோடு

அடித்தளத்தில் காந்தம் இருக்கும் அறைக்கு யாரும் சும்மா எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பொருளில் என்னென்ன மூலக்கூறு இருக்கிறது என்று திரையில் கோடுகளாகக் காட்டும், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த என்.எம்.ஆர் கருவியின் பக்கத்தில் போவதென்றால் சாவி, கைக்கடிகாரம், வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியே தட்டில் கழற்றி வைக்க வேண்டும். இவ்வளவு தொல்லைப்பட்டு யார் வருவார்கள்? மேல்மாடி ஆய்வகக்காரர்கள் சோதிக்கவேண்டிய மாதிரிப் பொடியை வாசலில் வைத்து, "மேடம், வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். உள்ளே இருப்பவள் ஐம்பதைத் தொட்டவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாதவள். பேச்சுத்துணை இல்லாமல் அவள் படும் பாடு அந்தப் புண்ணியவான்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

பசை மட்டும் வேறு ரகம். கிருமியின் மேலுறையிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலியைப் புரதத்தோடு ஒட்டித் தடுப்பூசி செய்வது அவன் வேலை, அதனால் அந்தப் பெயர். சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கருவி ஓடி முடியும்வரை மாமியார் வீட்டு வம்பு, மகளின் கணக்குப் பாடம் என்று வாய் ஓயாமல் பேசுவான்.

"நீ வேலைக்கு வர்றியா, வாயாட வர்றியா?" என்பாள் அவள்.

"ரெண்டுக்கும் சேத்துத்தான் சம்பளம் குடுக்கறாங்க, அக்கா" என்பான்.

வீட்டில் அவளுக்கு டிவிதான் துணை. கூடப்பிறந்த தம்பி எப்போதாவது போன் செய்து "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். மனம்விட்டு அவள் பேசுவது பசையிடம் மட்டும்தான். அவன் வராத நாள் அவளுக்கு ஒரு நாளே இல்லை.

அவன் தடுப்பூசியில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்தச் சர்க்கரைச் சங்கிலியில் அசிட்டைல் என்று சின்னச் சின்னத் துணுக்குகள் உண்டு. உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்வதே அவற்றை வைத்துத்தான். புரதத்தோடு ஒட்டும்போது பாழாய்ப்போன அவை உதிர்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் திரையில் அவை தெரியவேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. இந்த முறையும் இல்லையென்றால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அன்று காலை அந்த இடத்தில் ஒரு கோடு எழும்பியது.

"அக்கா, வந்துருச்சு!"

"அட, ஆமாடா!" அவளும் சின்னப் பெண்ணாட்டம் துள்ளினாள். அவன் தட்டில் கிடந்த கடிகாரத்தைக்கூட எடுக்காமல் மேலே ஓடினான்.

அறிக்கைக்காகப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் அவள் கவனித்தாள். கோடு ஊசிபோல் மெலிந்து நின்றது. புரதத்தோடு ஒட்டிய சங்கிலி பெரிய உருப்படி, மெதுவாகத்தான் புரளும், அதன் கோடுகள் தடித்து அகன்றுதான் வரும். இவ்வளவு ஒல்லியாக வருவது துள்ளித் திரியும் ஏதோ ஒரு சின்ன மூலக்கூறு. குழாய் கழுவும் அசிட்டோன்! அதன் கோடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும். "நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க, நானே கழுவிடறேன்" என்று காலையில் மாதிரியை ஊற்றும் கண்ணாடிக் குழாயை வாங்கி அசிட்டோனில் அலசியவன் பசை. அவசரக்குடுக்கை, சரியாகக் காயவிடாமல் மாதிரியை ஊற்றியிருக்கிறான்.

குப்பியில் மிச்சமிருந்த பொடியைக் கரைத்து, நன்றாகக் காய்ந்த குழாயில் போட்டு ஓட்டினாள். 'இருந்துடேன், இருந்துடேன்' என்று திரையைக் கெஞ்சினாள். அந்த இடம் காலி.

வாயை மூடிக்கொண்டால் நாளைக்கும் அவன் வருவான், நாற்காலியை இழுத்துப் போடுவான். அவள் அப்படியும் நினைத்தாள், அதை ஏன் மறைக்கவேண்டும்? ஆனால் இந்த ஊசி பச்சைக் குழந்தைகளுக்குப் போடுவது. அந்த நினைப்பில் எழுந்து மாடியேறினாள்.

மேலே அவனைச் சுற்றி ஒரே கைதட்டல். வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அது அசிட்டைல் இல்லடா, அசிட்டோன். குழாய் காயல."

"சரியாப் பாத்தீங்களா?"

"மிச்சப் பொடிய வேற குழாயில ஓட்டிட்டேன். ஒண்ணுமில்ல."

அவன் முகம் செத்துப்போயிற்று. "இயக்குநர்கிட்டயே சொல்லிட்டேனே. குழாய் கழுவத் தெரியாதவன்னு சிரிப்பாங்க. முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?"

"நானும்தானே உன்னோட சேந்து குதிச்சேன்?"

அவன் உள்ளே போனான்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினான் என்று பிறகு காதில் விழுந்தது. துணுக்குகளை உதிரவைத்த காரக் கரைசலைக் குறைத்து, முதலிலிருந்து தொடங்கினானாம். மாதிரிகள் வந்தன, வாசல்வரை மட்டும். யாராவது வைத்துவிட்டுப் போவார்கள். அவனும் ஓரிரு முறை வந்து வைத்துவிட்டுப் போனான். கதவைத் திறப்பதற்குள் காலடிச் சத்தம் படியேறிவிடும். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்லதுதானேடா செய்தேன், படுபாவி!

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அந்த இடத்தில் மறுபடி ஒரு கோடு வந்தது. தடித்து, அகன்று, சந்தேகத்துக்கு இடமில்லாத கோடு. வேறு குழாயிலும் ஓட்டிப் பார்த்தாள். அசையாமல் நின்றது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுத்தாள்.

"வந்துருச்சுடா! இந்தத் தடவ நெசமாவே! கீழ வந்து பாரேன்!"

மறுமுனையில் அவன் குரல் வந்தது. "ரொம்ப நன்றிங்க மேடம். ரிப்போர்ட்ட மெயில்ல அனுப்பிடுங்க." போனை வைக்க மறந்து அவன் யாரிடமோ "வந்துருச்சு!" என்று கத்துவதும், எல்லோரும் சேர்ந்து ஆர்ப்பரிப்பதும் கேட்டன.

"சரிங்க சார்" என்றாள், கேட்க அங்கே யாரும் இல்லையென்றாலும். அறிக்கையை அடித்து அனுப்பினாள்.