இடது காலுக்கு இருபது சதவீதம்

காலையில் பல் தேய்த்த கையோடு அவள் செய்கிற முதல் வேலை, கணவரின் இடது காலைத் தன் மடியில் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான். அவர் முக்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அவள் தரையில் சம்மணமிட்டு, பழம் வாங்குகிறவள் அழுகல் தேடுவதுபோல ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்ப்பாள்.

அந்தப் பாதத்தின் அடிப்பக்கத்துக்கு உணர்ச்சி கிடையாது. ஆணி ஏறினாலும் தெரியாது. ஆனால் கணுக்காலைச் சுற்றி இரவும் பகலும் நெருப்பை அப்பி வைத்ததுபோல எரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மலை உச்சிக் காவல் முகாமொன்றில் பதினொரு நாள் பனியில் சிக்கிக்கொண்டபோது அந்தக் காலின் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கருத்துப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. படை மருத்துவர்கள் அளந்து பார்த்து, "ஊனம் இருபது சதவீதம்" என்று எழுதிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

இருபது அப்படியே நின்றுவிட்டது. கால் நிற்கவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்ததில் வலது முழங்கால் தேய்ந்தது, பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. கிடங்கில் பார்த்துவந்த காவலாளி வேலையை விட்டார். போன வருஷத்தில் மட்டும் பாதத்தில் இரண்டு புண். இரண்டாவது புண்ணை அவள் ஒன்றரை மாதம் கட்டுப்போட்டு ஆற்றினாள். ஆறிய அன்று தெருமுனை டாக்டர் சொன்னார்:

"இன்னொரு புண்ணுக்கு இந்தக் கால் தாங்காதும்மா. படைவீரர் மருத்துவமனையில பாதப் பிரிவு இருக்கு. காலை அச்செடுத்து ஷூ செஞ்சு தருவாங்க, வாரா வாரம் நர்ஸ் பார்ப்பாங்க. அங்கே சேர்த்துடுங்க."

போய்க் கேட்டால், ஐம்பது சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை என்றார்கள். அன்றைக்குப் பிடித்தாள் அவள், சதவீதத்தை உயர்த்தக் கேட்கும் மனுவை.

மனு எழுத வந்தவர் முத்திரை அண்ணன். கணவரோடு ஒரே படைப்பிரிவில் எழுத்தராக இருந்தவர். முப்பது வருஷம் முத்திரை குத்திய பழக்கத்தில், பேச்சை முடிக்கும்போதெல்லாம் முஷ்டியால் மேஜையில் ஒரு குத்து வைப்பார். அதனால் வந்த பெயர்.

"தாள் வேலையை நான் பார்த்துக்கிறேன், தங்கச்சி. உன் வீட்டுக்காரன் வாயைத்தான் யாரும் நம்ப முடியாது. 'நல்லா இருக்கேன் சார்'னே சொல்லி வளர்ந்த கூட்டம் நாங்க. இவனைப் போய் வலிக்குதுன்னு சொல்லச் சொல்றது, பூனையைப் பால் வேண்டாம்னு சொல்லச் சொல்ற மாதிரி."

"வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லப்போறேன், இதுல என்ன இருக்கு?" என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல்.

"எங்கே, இப்ப சொல்லு பார்ப்போம்."

"இப்ப எதுக்குண்ணே? இப்ப ஒண்ணும் இல்லையே."

முத்திரை அண்ணன் அவளைப் பார்த்தார். மேஜையில் ஒரு குத்து வைத்தார்.

மனுவின் கடைசிப் பக்கம் மனைவியின் வாக்குமூலத்துக்கானது. துணிக்கடைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்கிற கை அவளுடையது. பேனா பிடித்து வெகுகாலமாயிற்று. ஆனாலும் இரண்டு மதியங்கள் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நிரப்பினாள். குளியலறையில் மூன்று முறை விழுந்தது. படியிறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, குழந்தைபோல இறங்குவது. விரல் இல்லாத இடத்தில் சாக்ஸ் சுருண்டு உறுத்தாமலிருக்க, இடது சாக்ஸ்களில் எல்லாம் உள்ளே பஞ்சு வைத்துத் தான் தைத்துக் கொடுப்பது. வலி வரும்போது அவர் பேசுவதை நிறுத்திவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது. எல்லாம் எழுதினாள். அவர் அதைப் படிக்கவில்லை, கேட்கவுமில்லை.

மருத்துவக் குழு கூப்பிட்ட நாளில், அவள் எடுத்து வைத்திருந்த மெத்தென்ற காலணியை அவர் தொடவே இல்லை. பழைய கறுப்பு பூட்ஸை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்.

"என்னங்க இது? அது இறுக்குமே. டாக்டர் போடக்கூடாதுன்னு சொன்னதுதானே?"

"அதிகாரி முன்னாடி செருப்பை இழுத்துக்கிட்டா போய் நிப்பேன்? ஒரு நாள்தானேம்மா."

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ வாயில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது இருக்கையில் கிடந்த மாத்திரை அட்டையை அவள் எடுத்துப் பார்த்தாள். நான்கு வலி மாத்திரைகள் இருந்த அட்டை காலியாயிருந்தது.

"வலியைக் காட்டப் போற இடத்துக்கு வலி மாத்திரை போட்டுக்கிட்டா வருவாங்க?"

"நொண்டிக்கிட்டே உள்ளே போனா நல்லா இருக்காதும்மா."

குழுவின் அறையில் சீருடையில் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தோளில் மேஜருக்கான சின்னம். அதைக் கண்டதும் கணவரின் முதுகு நிமிர்ந்தது, வயிறு உள்ளே போனது. இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்திராத ஒரு ஆள் அங்கே நின்றார். பெண் பார்க்க வந்த நாளில் வாசலில் இப்படித்தான் நின்றார் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தார்கள். விரல் போன இடத்தில் பழைய தழும்பு. புதிய புண் எதுவுமில்லை. "நல்லா ஆறியிருக்கு" என்றார் மேஜர். அவள் ஆற்றிய புண் அது. மறுபடி மாட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். சுவருக்கும் கதவுக்கும் நடுவே அவர் நடந்தார். அணிவகுப்பு நடை. ஒரு இடத்தில்கூடச் சாயவில்லை.

"வலி இருக்கா?"

"சமாளிக்கலாம் சார்."

மேஜர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "குளியலறையில மூணு தடவை விழுந்ததா உங்க மனைவி எழுதியிருக்காங்களே?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவளுக்கு என்மேல பாசம் அதிகம் சார். கொஞ்சம் கூட்டி எழுதிட்டா."

மேஜர் சிரித்தார், நல்ல மனசோடுதான். "எல்லா வீட்லயும் அப்படித்தான்." பேனா தாளில் ஓடியது. அவள் எழுந்து, "இல்லை சார், அவர்தான் குறைச்சுச் சொல்றார்" என்றாள். "உட்காருங்கம்மா, பார்த்துக்கலாம்" என்றார் மேஜர். அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் கேட்டாள்.

"நான் பொய்யா எழுதினேன்?"

"இல்லம்மா."

"பின்னே?"

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை முன்னாடி, குளியலறையில விழுந்தேன்னு எப்படிச் சொல்றது?"

"என்னைப் பொய்க்காரியா ஆக்கினீங்களே, அது மட்டும் சொல்ல வந்ததா?"

வீட்டுக்கு வந்ததும் மாலை முழுக்க அவள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை அவர் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவள் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே சாக்ஸை மாட்டிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் முக்காலிக்கே வரவில்லை. கூப்பிட்டால்தான் பார்ப்பேன் என்று இவள் இருந்தாள். வந்து உட்கார்ந்தால் மறுபடி சண்டையாகும் என்று அவர் இருந்தார்.

நான்காம் நாள் துவைக்க எடுத்தபோது இடது சாக்ஸ் கனத்தது. அவள் வைத்துத் தைத்த பஞ்சு ஈரமாக, நாற்றமெடுத்து, பழுப்பாயிருந்தது.

பூட்ஸ் கடித்த கொப்புளம். ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டது. உணர்ச்சியில்லாத இடம், அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவள் மூன்று நாள் பார்க்கவில்லை. தெருமுனை டாக்டர், அவள் சுற்றிக் கூட்டிவந்த கட்டைப் பிரித்த வேகத்தில் திரும்பக் கட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் ஊசி மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து அவர் போர்வையின் கால்மாட்டைப் பார்த்தார். வலப்பக்கம் மேடு இருந்தது. இடப்பக்கம் போர்வை படிந்துகிடந்தது.

"மூணு நாள் பார்க்காம விட்டுட்டேங்க," என்றாள் அவள்.

"பூட்ஸ் போட்டது நான்தானே." அவர் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வார்டு நர்ஸ் வந்து நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை விடவில்லை.

அந்த வாரமே குழுவின் பதில் வந்தது. முத்திரை அண்ணன் வார்டு வராந்தாவில் நின்று படித்தார். மாற்றம் தேவையில்லை, இருபது சதவீதம் தொடரும். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குத்துவதற்கு அங்கே மேஜை இல்லை.

"திரும்ப எழுதுவோம், தங்கச்சி. இந்தத் தடவை அவன் நடக்க வேண்டியதில்லை."

உண்மைதான். இரண்டாவது குழு அவரை நடக்கச் சொல்லவில்லை. எந்தக் கேள்வியும் பெரிதாகக் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் பதில் வந்துவிட்டது. எழுபது சதவீதம். கூடவே பாதப் பிரிவில் சேர்வதற்கான அட்டை, அதில் பெயர், எண், வார நாள் எல்லாம் அச்சாகியிருந்தது. அவள் அதைத் துடைத்து, மெஷின் இழுப்பறையில், அவருடைய இடது சாக்ஸ்களுக்கு மேலே வைத்தாள். ஏழு சாக்ஸ்கள். பஞ்சு வைத்துத் தைத்தவை. தூக்கிப் போட மனம் வரவில்லை, வேறு யாருக்கும் ஆகாது.

ஒரு மதியம், அவள் ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவர் கை அதன் திருகை நோக்கிப் போனதை அவள் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அணைத்துவிட்டார்.

"இந்தாம்மா."

"என்னங்க?"

"வலிக்குது."

மெஷின் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல். எழுந்து போனாள். "எங்கே? தையல் போட்ட இடத்துலயா?"

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு போர்வை படிந்துகிடந்த இடத்தைக் காட்டினார். "சுண்டுவிரல்ல. இல்லைன்னு தெரியுது. ஆனா வலிக்குது. சொன்னா நம்புவியா?"

அவள் முக்காலியைத் தள்ளிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில், தரையில், தன் வழக்கமான சம்மணத்தில் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்கிற மாதிரியே. மடி வெறுமையாக இருந்தது.

"நம்பறேன்," என்றாள். "எப்படி வலிக்குது, சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் சுண்டுவிரல். பிறகு அந்தப் பனியின் முதல் நாள், இரண்டாம் நாள். ஜன்னல் வெளிச்சம் சுவரின் மறுபக்கம் போகும்வரை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.